வலது கதவு

அக்டோபர் 3, வியாழன்

தணிகாசலம் இன்று என் படத்தின் மேல் டீ கிளாஸை வைத்தான். கை தவறி அல்ல. பட்டறை மேசையில் வேறு இடம் நிறைய இருந்தது. என்னைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான், பிறகு பூஜையறைக் கதவுக்காக நான் வரைந்திருந்த கிளியின் மூக்குக்கு நேர் மேலே வைத்தான். எடுத்தபோது வட்டமாகக் கறை. நான்கு நாள் வேலை அது. காவியும் மஞ்சளும் கலந்து, தேக்கின் நிறம் வரும்வரை ஏழு துண்டுக் காகிதத்தில் பூசிப் பார்த்து, பிறகு தொட்ட படம்.

வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் எங்கள் நிறுவனத்தின் மரச்செதுக்கு வேலை எல்லாம் அவனிடம்தான் போகிறது. கள்ளக்குறிச்சிக்காரன், இங்கே கணபதி ஏரியாவில் பட்டறை, பத்து ஆட்கள். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவன். பதினெட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு நாற்பத்து நான்கு வயதில் வேலைக்கு வந்திருப்பவள் நான் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

படத்தில் கொடி மெலிதாக இருக்கிறதாம். "பேப்பருக்கு நார் கெடையாதுங்க மேடம், மரத்துக்கு உண்டு. இவ்ளோ மெலிசா எடுத்தா குறுக்கு நார்ல ஒடஞ்சிடும்" என்றான். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள், வேறு ஆள் பார்க்கிறோம் என்றேன். அவன் திரும்பித் தன் ஆட்களிடம், "நமக்கு முடியாதாம்பா" என்றான். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

கறையை ஈரத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். போகவில்லை. மறுபடி வரைய வேண்டும்.

அக்டோபர் 5, சனி

வடவள்ளியில் தெய்வானையம்மா வீட்டு வேலையைப் பார்க்கப் போனோம், நானும் முதலாளி ஜெகதீசனும். கார்த்திகை பதினாறு, அதாவது டிசம்பர் இரண்டு, புதுமனை புகுவிழா. பூச்சு வேலை முடிந்துவிட்டது. ஹால் சுவர்களுக்கும் கூரைக்கும் நான் போட்ட வண்ணப் படங்களை அந்த அம்மா புரட்டிப் பார்த்துவிட்டுப் பூஜையறைக்குக் கூட்டிப்போனார்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூன்று வருடமாகப் பேச்சில்லை. அப்பாவின் நூற்பாலை நொடித்தது உன்னால்தான் என்று பெரியவன் சின்னவனையும், உன்னால்தான் என்று சின்னவன் பெரியவனையும் சொல்லிக்கொண்டே பிரிந்துவிட்டார்களாம். இப்போது அந்த அம்மா பழைய வீட்டை விற்று, இருவரும் குடும்பத்தோடு வந்து இருக்க ஒரே வீடாகக் கட்டுகிறார். ஒரு சமையலறை. ஒரு பூஜையறை. அதற்கு இரட்டைக் கதவு. ஒவ்வொன்றிலும் தாமரை மேல் ஒரு சங்கு.

தன் பூஜையிலிருந்து வலம்புரிச் சங்கை எடுத்து என் கையில் கொடுத்தார். நுனியை மேலே வைத்துப் பிடித்தால் வாய் வலப்பக்கம் திறந்திருந்தது. "ரெண்டு கதவுலயும் இதேதான் இருக்கோணும் அம்மணி. ரெண்டும் வலம்புரி. ஒருத்தனுக்கு ஒசத்தி, ஒருத்தனுக்குக் கம்மின்னு ஆயிறக் கூடாது" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து வரைந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் ஜெகதீசன், இந்த வீடு நல்லபடியாக முடிந்தால் தை முதல் டிசைன் பிரிவு என் பொறுப்பு, படங்களில் என் பெயர் போடலாம் என்றார். முடியாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். கம்ப்யூட்டரில் அலுவலகத்துப் பிள்ளைகள் போடும் படங்களுக்கு வண்ணம் தீட்டும் பழைய இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

இதுவரை நான் வரைந்த எந்தப் படத்திலும் என் பெயர் இல்லை. நிறுவனத்தின் முத்திரை மட்டும் இருக்கும்.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. பட்டறைக்கு அழைப்பு. உளி, கொட்டாப்புளி, இழைப்புளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். டேப்புக்குக்கூடப் பொட்டு. என் படம் எங்கே என்று கண் தேடியது. பொரித் தட்டுகளுக்கு அடியில் விரித்திருந்தார்கள். கறை பட்ட பழைய படம்தான், இனி உதவாது. இருந்தாலும்.

தணிகாசலம் அதே தட்டிலிருந்து பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்து, "எடுத்துக்கங்க மேடம், உங்களுதுதான்" என்றான். வாங்கிக்கொண்டேன். காருக்குள் வைத்துவிட்டு மறந்துபோய், சாயங்காலம் எறும்பு.

அக்டோபர் 8, செவ்வாய்

மறுபடியும் கிளி. இந்த முறை மூக்கு இன்னும் நன்றாக வந்திருக்கிறது. அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல!

அக்டோபர் 12, சனி

கதவின் முழு அளவுப் படத்தை இன்று முடித்தேன். ஆளுயரத் தாள். தரையில் விரித்து, முழங்காலுக்குத் தலையணை வைத்து வரைந்தேன். என் கணவர் காபி டம்ளரோடு தாண்டித் தாண்டிப் போனார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பேங்க்காரர் கை.

எப்போதும் செய்வதுபோல இடது கதவை மட்டும் வரைந்து, ஓரத்தில் நடுக்கோடு போட்டு, "வலது கதவு இதன் கண்ணாடிப் பிம்பம்" என்று எழுதினேன். கல்லூரியில் முதல் வருடமே சொல்லித்தருவது இது. இரண்டு பக்கமும் வரைந்தால் மயிரளவு வித்தியாசம் வந்துவிடும். ஒரு பாதியை வரைந்து திருப்பிப் போட்டால் வராது. பட்டறையில் பட்டர் பேப்பரில் நகல் எடுத்து, ஒரு கதவுக்கு நேராகவும் மறு கதவுக்குத் திருப்பியும் ஒட்டுவார்கள். இரண்டு கிளியும் ஒன்றையொன்று பார்க்கும். கொடிகள் நடுவில் வந்து சேரும்.

இந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிவைக்கிறேன். வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 14, திங்கள்

பட்டறையில் பெரிய சண்டை.

மாதிரிக்கு ஒரு பலகையில் கொடியைச் செதுக்கி வைத்திருந்தான். என் கொடி இல்லை அது. தண்டைத் தடிமனாக்கியிருந்தான், ஒரு இலையைக் கூட்டியிருந்தான், கிளியின் வாலை வளைத்துத் தண்டோடு ஒட்டவிட்டிருந்தான். வால் தனியாக நின்றால் துடைக்கிற துணியில் மாட்டி ஒடியும் என்றான். யாரைக் கேட்டு என்றேன். "மரத்தைக் கேட்டு" என்றான். மறுபடியும் சிரிப்பு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. பத்துப் பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"நீங்க செதுக்கறவரு. வரையறது நான். படத்துல இல்லாத ஒரு கோடு வரக்கூடாது. இருக்கற ஒரு கோடு விடக்கூடாது. யோசிக்கிற வேலை உங்களுக்கு வேண்டாம்."

அதோடு விட்டிருக்கலாம். படத்தின் அடியில் "படத்தில் உள்ளபடி மட்டுமே செய்யப்படும்" என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னேன். தன் ஆட்கள் முன்னால் அவன் பேனாவை வாங்கினான். கையில் மரத்தூள். நிதானமாகத் தன் பெயரை முழுதாக எழுதினான்.

"இனிமே ஒண்ணும் யோசிக்க மாட்டன் மேடம்" என்றான்.

நகல் எடுத்துக்கொண்டதும் மூலப்படத்தைச் சுருட்டி எடுத்துவந்து அலுவலக டிராயரில் வைத்தேன். ஜெயித்தது போல இருந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது தணிகாசலத்திடமிருந்து மூன்று முறை போன். மூன்றாம் முறை எடுத்தேன். வலது கதவில் அந்தச் சங்கு விஷயமா ஒண்ணு, என்று ஆரம்பித்தான். மறுபடியும் தண்டு, வால், நார் என்று கதை வரப்போகிறது என்று நினைத்து, படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி என்றேன். "அப்படியேங்களா?" என்றான். அப்படியே என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டான்.

முறுக்கு ஒரு ஈடு கருகிவிட்டது.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. மழை. வெடி எதுவும் பிடிக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

பட்டறைக்குப் போனேன். இடது கதவு முடிந்திருந்தது. கொடி என் கொடி. நான் போட்ட தடிமன்தான், ஒடியவில்லை. கிளியின் வால் தனியாக, காற்றில் நிற்பதுபோல். படத்தில் நிழல் தீட்டி நான் காட்டியிருந்த ஆழத்தை அவன் உளியால் காட்டியிருந்தான். இலையின் நரம்பில் நான் தூரிகை நுனியால் ஒரே இழுப்பில் விட்ட கோடு, அங்கே ஒரே வெட்டாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

நன்றாக இருக்கிறது என்று அவனிடம் சொல்லவில்லை. சரிதான் என்றேன்.

வலது கதவைக் குப்புற வைத்திருந்தார்கள். திருப்பிக் காட்டச் சொன்னேன். மெருகு காயவில்லை, மாட்டும்போது பார்க்கலாம் என்றான். வற்புறுத்தவில்லை. அவனிடம் இரண்டாவது முறை எதையும் கேட்க எனக்குப் பிடிப்பதில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

கதவுகளை மாட்டினார்கள்.

தெய்வானையம்மா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெகதீசன். இரண்டு கதவையும் சேர்த்து மூடியதும் முதலில் கிளிகளைப் பார்த்தேன், கொடிகள் சேருமிடத்தைப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. மூச்சு விட்டேன்.

அந்த அம்மா எழுந்துபோய் இடது சங்கின் வாயில் விரலை வைத்தார். பிறகு வலது சங்கில். விரல் வாயைத் தேடி அடுத்த பக்கம் போயிற்று.

"இது எடம்புரியல்லோ" என்றார்.

அவர் திரும்பவும் தடவிப் பார்த்தார். "ஒண்ணு இப்படிப் பாக்குது, ஒண்ணு அப்படிப் பாக்குது. எம்பட பசங்க மாதிரியே பண்ணி வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிப் பிம்பத்தில் கிளி திரும்பும், கொடி திரும்பும், சங்கும் திரும்பும். எந்தப் படிக்காதவனுக்கும் தெரியும். ஜெகதீசன் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தணிகாசலத்தை. நான் முந்திக்கொண்டு, சங்கைத் திருப்பக் கூடாது என்று படத்தில் குறிப்பு இருக்கிறது என்றேன். அவன் கொட்டாப்புளியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

நாளைக்குப் படத்தை எடுத்து வை, பார்த்துவிடலாம் என்றார் ஜெகதீசன்.

குறிப்பு எழுதியதாகத்தான் எனக்கு ஞாபகம். எழுதாமல் எப்படி இருப்பேன்?

நவம்பர் 20, புதன்

அலுவலகத்துக்கு எட்டு மணிக்கே போனேன். வாட்ச்மேன் திறந்துவிட்டார். டிராயரிலிருந்து மூலப்படத்தை எடுத்து மேசையில் விரித்தேன். பட்டறைக்குப் போன நகல் இப்போது இல்லை. அதை மைதாப் பசையால் பலகையில் ஒட்டி, தாளோடு சேர்த்துத்தான் செதுக்குவார்கள். வேலை முடியும்போது தாளும் தூளாகப் போயிருக்கும். இருப்பது இது ஒன்றுதான்.

பேனாவில் மை அடைத்திருந்தது. வெந்நீரில் கழுவ வேண்டியிருந்தது.

ஒன்பதரைக்கு ஜெகதீசன் வந்தார், பத்து மணிக்குத் தணிகாசலம். படத்தை விரித்தேன். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், "சங்கு மட்டும் திருப்பக் கூடாது, இரண்டும் வலம்புரி" என்று இருந்தது. கீழே அவன் கையெழுத்து.

அவன் குனிந்து ரொம்ப நேரம் படித்தான். "நான் கையெழுத்துப் போட்ட அன்னிக்கு இது இல்லீங்க" என்றான்.

"அப்ப மேடம் பொய் சொல்றாங்கன்றியா?" என்றார் ஜெகதீசன்.

"நான் எதுவும் சொல்லலீங்க. மேடம் சொல்லட்டும்."

"படத்துல இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. படத்தில் இருந்தது.

ஜெகதீசன் அவனை இந்த வேலையிலிருந்தும், கையில் இருக்கும் மற்ற மூன்று வீட்டு வேலைகளிலிருந்தும் நிறுத்திவிட்டார். அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். படத்தின் ஓரம் சுருண்டிருந்ததை விரலால் நீவிவிட்டு, "எழுத்து முத்து முத்தா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வரும் வழியில் கீரை வாங்கினேன். ஆய உட்கார்ந்து, தண்டை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

இவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 22, வெள்ளி

ஜெகதீசன் வேறு ஒரு ஆளைப் பிடித்து, மெஷினில் வெட்டிய புது நடுப்பலகை கொண்டுவந்தார். வலது கதவின் சட்டத்தைக் கழற்றிப் பலகையை மட்டும் மாற்றிவிடலாம் என்பது யோசனை. மாற்றினார்கள். சங்கு சரியாக இருந்தது. கொடிதான் சேரவில்லை. அது சட்டத்தில் கிளம்பிப் பலகைக்குள் ஓடுவது. சட்டத்தில் தணிகாசலத்தின் வெட்டு, உள்ளே மெஷினின் மழமழப்பு. ஒரு செடியின் தண்டில் பிளாஸ்டிக் பூவைச் செருகியதுபோல இருந்தது.

"ஒட்டுப்போட்ட கதவைச் சாமிக்கு வெப்பாங்களா?" என்றார் தெய்வானையம்மா. பலகையைக் கழற்றித் திண்டு போலச் சுவரோரம் சாய்த்துவைத்தார்கள். விசேஷத்துக்கு இன்னும் பத்தே நாள். கதவு இல்லாமலே பால் காய்ச்சிக்கொள்கிறேன், உங்கள் பேரை மட்டும் ஊரெல்லாம் சொல்கிறேன் என்றார்.

ஜெகதீசன் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தக் கொடியைச் செதுக்கிய கைதான் இதையும் செதுக்க முடியும், நீயே போய்ப் பேசிப் பார், நான் போனால் வரமாட்டான் என்றார்.

நான் போனால் வருவானா?

நவம்பர் 23, சனி

போனேன். பட்டறையில் பத்துப் பேருக்குப் பதில் மூன்று பேர். மற்றவர்களை வேறு இடத்தில் வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டானாம். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"என்னாத்துக்கு மேடம்? படிக்கத் தெரியாத ஆளுகிட்ட எதுக்கு வேலை குடுக்கறீங்க?"

மூன்று பேரும் உளியை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சொன்னேன். குறிப்பை நான் புதன்கிழமை காலையில் எழுதினேன் என்று. சத்தம் நின்றுவிட்டது. சத்தத்தோடேயே சொல்லி முடித்திருக்கலாம்.

அவன் சிரிக்கவில்லை. தலையாட்டினான். "தெரியுமே" என்றான். பிறகு நான் எதிர்பார்க்காததைச் சொன்னான்.

"நானும் தெரிஞ்சேதான் செஞ்சன். தாளைத் திருப்பி ஒட்டினதுமே பாத்துட்டன், சங்கு மாறுதுன்னு. போன் போட்டன். நீங்க அப்படியேன்னீங்க. திரும்பப் போட்டிருக்கலாம், அந்த அம்மாகிட்டயே நேரா கேட்டிருக்கலாம். கேக்கலை. சாமி சங்கைத் தப்பா எடுக்கறமேன்னு ஒவ்வொரு வெட்டுக்கும் கை கூசுச்சு. இருந்தாலும் எடுத்தன். இந்தக் கதவை மாட்டற அன்னிக்கு உங்க மூஞ்சி எப்படி ஆவுதுன்னு பாக்கணும்னு ஒரு வெறி."

"பாத்தாச்சா?" என்றேன்.

"பாத்தன். அதுக்குள்ள அந்த அம்மா கீழ உக்காந்துடுச்சு. நான் அதை நெனைக்கலை."

அப்படியானால் இரண்டு பேரும் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். அது எனக்கு நியாயமாகப் பட்டது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எதைச் சொல்றது? யோசிக்காதன்னீங்க, யோசிக்கலை. கையெழுத்து கேட்டீங்க, போட்டன். நான் வெறியில செஞ்சதும் உங்க படத்துல உள்ளபடிதான். நீங்க எழுதினது எதுல உள்ளபடி?"

வேலையைச் செய்கிறானாம். ஆனால் பொய்யன் பட்டத்தோடு செய்ய மாட்டானாம். தெய்வானையம்மா வாயால், நீ தப்பு பண்ணலை, வா என்று சொன்னால் வருவானாம். அதை யார் போய்ச் சொல்வது என்று அவன் சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோசை ஆறிப்போகும்வரை கேட்டார். நீ சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

மத்தியானம் உட்கார்ந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பேனா கழுவியதைக்கூட எழுதியிருக்கிறேன். எதற்காகக் கழுவினேன் என்று மட்டும் எழுதவில்லை. யாரும் படிக்காத நோட்டில் யாரை ஏமாற்றினேன்?

நவம்பர் 25, திங்கள்

காலையில் ஜெகதீசனிடம் சொன்னேன். அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்த அம்மாவுக்கு இப்போது கோபம் தணிகாசலம் மேல், கூலிக்கு வந்தவன் தவறு செய்தான் என்பதோடு போயிற்று. வரைந்ததே தவறு, அதற்கு மேல் திருத்தி எழுதியதும் நாம்தான் என்றால் நாளைக்கு யார் நம்மிடம் வீட்டைக் கொடுப்பார்கள் என்றார். அவனுக்குத் தான் வேறு விதமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இதைச் சொல்ல நீ வடவள்ளி போனால் திரும்ப இங்கே வர வேண்டாம் என்றும் சொன்னார். தை மாதத்தை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

டவுன் பஸ் பிடித்து வடவள்ளி போனேன்.

தெய்வானையம்மா ஹாலில் நின்று, நான் வரைந்த கூரை ஓரத்துக்கு வண்ணம் அடிப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். பூஜையறையில் ஒற்றைக் கதவு. நின்ற இடத்திலேயே சொன்னேன். வரைந்தது என் தவறு. குறிப்பு அப்போது இல்லை. பிறகு நான் எழுதினேன். அவன் போனில் கேட்க வந்தபோது நான் கேட்கவில்லை. அவன் தெரிந்தே செய்ததைச் சொல்லவில்லை. அது அவனுடையது, சொல்வதானால் அவன் சொல்லட்டும்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

"மூணு வருசமா எம்பட வீட்டுல இதுதான் நடக்குது அம்மணி. அவன் பண்ணுனான், இவன் பண்ணுனான். ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் நாந்தான் பண்ணுனேன்னு சொல்லியிருந்தா நான் இந்த வீடே கட்டியிருக்க மாட்டேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார் போல ஒரு நிமிடம் இருந்தது. கேட்கவில்லை.

"உங்களை நான் மெச்சுறேன்னு நெனச்சுக்காதீங்க. அந்த மனுசனை ஊரு முன்னால பொய்யனாக்கிப் போட்டீங்க. இப்ப வந்து சொல்றீங்க, அஞ்சு நாள் களிச்சு. அவரோட நெம்பரைக் குடுங்க, நானே பேசிக்கறேன். நீங்க இனி இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்."

எண்ணைக் கொடுத்தேன். எழுதும்போது ஒரு இலக்கம் தவறிவிட்டது. திருத்திக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை சரிபார்த்தார்.

நவம்பர் 26, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து என் தூரிகைகளையும் பலகையையும் ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள். படங்கள் வரவில்லை. அவை நிறுவனத்துடையவை.

பதினோரு மணிக்குத் தணிகாசலம் போன் செய்தான். வலது கதவுக்குத் தனிப் படம் வேண்டும், சட்டத்துக் கொடி எங்கே முடிகிறதோ அங்கிருந்து பிடிக்க வேண்டும் என்று அளவுகளைச் சொன்னான். வணக்கம், எப்படி இருக்கீங்க, எதுவும் இல்லை. எழுதிக்கொண்டேன். தண்டின் தடிமன் எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டேன். "இடது கதவுல இருக்கறதேதாங்க. அதைத்தான் இப்ப மாத்த முடியாதே" என்றான்.

நவம்பர் 27, புதன்

வரைந்து முடித்தேன். திருப்பிப் போடாமல் ஒவ்வொரு கோடாக. சங்கை வரையும்போது கண்ணாடிப் பிம்பப் பழக்கத்தில் விரல் இடப்பக்கமே போயிற்று. நாலு முறை அழித்தேன். ஒரு கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன், பிறகு கண்ணாடியே என்னைக் குழப்புகிறது என்று எடுத்துவிட்டேன். முத்திரை போட இப்போது நிறுவனம் இல்லை. ஓரத்தில் என் பெயரை எழுதலாம், தடுக்க யாருமில்லை. எழுதவில்லை.

மத்தியானமே கணபதிக்குக் கொண்டுபோனேன். பட்டறையில் ஆறேழு பேர் திரும்பியிருந்தார்கள். தணிகாசலம் தாளை வாங்கி விரித்து, சங்கின் வாயை மட்டும் பார்த்துவிட்டு, பசை கலக்கச் சொன்னார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் ஒட்டிவிட்டார்கள்.

டிசம்பர் 2, திங்கள்

புதுமனை புகுவிழா. இவரிடம் சொல்லவில்லை, ஆனால் காலையிலிருந்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறிலிருந்து ஏழரை நல்ல நேரம் போட்டிருந்தார்கள். துணி ஊறவைத்தேன். மாவு ஆட்டினேன்.

எட்டேகாலுக்குப் போன் வந்தது. தணிகாசலம். பின்னால் நாயனச் சத்தம்.

"கதவு மாட்டியாச்சுங்க. நேத்து சாயங்காலமே. கொடி சேந்துடுச்சு."

சரி என்றேன்.

"அம்மா ரெண்டு சங்கையும் தடவிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. நானும் அவங்ககிட்ட சொல்லிட்டன், தெரிஞ்சேதான் செஞ்சன்னு. கேட்டுக்கிட்டாங்க. சாப்ட்டுட்டுப் போன்னாங்க, வேற பேசலை."

எனக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

"உங்க மேல கோவம் போவலை மேடம். அது வேற."

"தெரியும்."

"பெரியவரு குடும்பத்தோட வந்துட்டாரு. சின்னவரு வரலைங்க. பால் பொங்கற வரைக்கும் பாத்தாங்க. போன் போட்டாங்க, எடுக்கலை."

அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன்.

"கதவைத் தொடைச்சிக்கிட்டு நிக்கறாங்க. தொடைச்சதையே தொடைக்கறாங்க. வலது கதவைத்தான்."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. நாயனம் நின்று, யாரோ பந்திக்குக் கூப்பிடும் குரல் கேட்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.